இரண்டு கட்டத்திலும் டிக்

1

1988 ஆகஸ்டு 11, வியாழக்கிழமை. டொராண்டோ.

வழக்கம்போல் ஆறரைக்கு எழுந்தேன். பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு நாட்குறிப்பின் முதல் வரியை எழுதினேன்: மேகம் இல்லை, காற்று தென்மேற்கிலிருந்து, இலைகள் மட்டும் அசைகின்றன. எந்த நாளானாலும் என் முதல் வரி வானம்தான். பிறகு சவரம், காபி. கோமதி மருத்துவமனைச் சமையல்கூடத்துக்குக் கிளம்பினாள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடி சரியாக உட்காராது. தினமும் அதை அழுத்தி மூடிக் கொடுப்பது என் வேலை. கொடுத்தேன். மகள் உமாவின் மேல்சட்டைக்கு இஸ்திரி போட்டேன். என் கோட்டையும் எடுத்துத் தட்டி வைத்தேன்.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியதும் இதே தேதியில்தான், 1975இல். ஆண்டுதோறும் இந்த நாளில் கோமதி சேமியா பாயசம் வைப்பாள். இந்த ஆண்டு அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் உமா தன் ஆய்வைப் படிக்க வேண்டும். அதில் தென்காசியின் பெயர் வரும். தென்காசிப் பிள்ளைகள் இருவரின் பெயரும் வரும்.

வரும் என்றுதான் நினைத்துக்கொண்டு கோட்டை மாட்டினேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமானால் என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். இங்கே வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் அம்மையார் என் சான்றிதழ்களை மரியாதையோடு புரட்டிப் பார்த்து, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். "இவை எல்லாம் சரி, கனடா அனுபவம் எங்கே?" என்றார். விமானத்தில் இறங்கி ஆறாவது நாள் அது. கடைசியில் பல்கலைக்கழகக் கணிப்பொறி மையத்தில் காந்த நாடாக்களைப் பாதுகாக்கும் வேலை கிடைத்தது. கேட்பவர்களுக்கு நாடாவை எடுத்து மாட்டுவேன், கழற்றுவேன், அதன் இடத்தில் வைப்பேன். பதின்மூன்று ஆண்டுகளாக அதுதான்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் குருசாமி. இலஞ்சிக்காரன், என் கல்லூரி நண்பன். எனக்கு இரண்டு ஆண்டு முன்னதாக வந்தவன். விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துப் போனதும் அவன்தான். இன்று வளிமண்டலத் துறையில் ஆராய்ச்சியாளன். என் நாடாக்களில் வரும் எண்களைப் படிப்பது அவன் வேலை.

செயற்கைக்கோள் ஒன்று பத்து ஆண்டுகளாகப் பூமியைச் சுற்றி, நம் தலைக்கு மேல் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று நாள்தோறும் அளந்து அனுப்புகிறது. சூரியனின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் அந்தப் படலம் தென் துருவத்தின் மேல் வசந்த காலத்தில் மெலிந்துபோகிறது என்று நீங்களும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதனால் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓசோன்தான் பேச்சு. குருவின் துறை கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கு ஓர் ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஊர் மாணவர்கள் தரையிலிருந்து சிறிய ஒளிமானியால் சூரியனைப் பார்த்து ஓசோனை அளப்பார்கள். இங்குள்ள மாணவர் அதைச் செயற்கைக்கோளின் எண்களோடு ஒப்பிட வேண்டும். அறிக்கையில் இரு தரப்பின் பெயரும் வரும்.

உமாவுக்குப் பதினேழு வயது. வீட்டில் அவள் பேசும் தமிழ் வர வரச் சுருங்கி, "சரி", "வேண்டாம்", "அப்புறம்" என்ற அளவுக்கு வந்திருந்தது. ஏப்ரலில் ஒருநாள் அவளாக வந்து, "அப்பா, தென்காசி எந்த லாட்டிட்யூட்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். எட்டு டிகிரி, ஐம்பத்தேழு நிமிடம் என்றேன்.

3

கோமதியின் தங்கை செண்பகம் தென்காசியில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. அவள் பெயருக்கு ஒளிமானியை அனுப்பினோம். சுங்கத்தில் அது மூன்று வாரம் கிடந்தது. அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஓசோன்னு போட்டிருக்கே, உள்ள கேஸ் இருக்கா?" என்றாராம். கேஸ் இல்லை, கண்ணாடிதான் என்று செண்பகம் எழுதிக் கொடுத்தாள். கண்ணாடி என்றால் அதற்கு வேறு தீர்வை என்றார்களாம். எப்படியோ மே மாதக் கடைசியில் பெட்டி வெளியே வந்தது.

அளவெடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைச் செண்பகம் தேர்ந்தெடுத்தாள். ஒருத்தி பேச்சியம்மாள். அவளுடைய அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றுபவர். "எம் மக சேட்டிலைட்டுக்குக் கணக்கு எழுதுதா" என்று அவர் சந்தை முழுவதும் சொல்லிவைத்திருந்தார். டெம்போ டிரைவர்கள் அவரைக் கண்டால், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மேல எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்பார்களாம். மற்றவள் ரகமத். செயற்கைக்கோள் நண்பகலை ஒட்டித் தலைக்கு மேல் போகிறது என்பதால், இருவரும் சாப்பாட்டு இடைவேளையில் பள்ளி மொட்டை மாடிக்கு ஏறி அளவெடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் செண்பகம் வீட்டில் உட்கார்ந்து அந்த வாரத் தாள்களைச் சரிபார்த்து உறையிலிட்டார்கள்.

அந்தத் தாளில் வானத்தைக் குறிக்க இரண்டு கட்டங்கள் உண்டு. "சூரியன் தெளிவாகத் தெரிகிறது" என்று ஒன்று, "மழை" என்று ஒன்று. தாளை இங்கே அச்சிட்டவர்கள், ஒருவர் இரண்டில் ஒன்றுக்குத்தான் டிக் போடுவார் என்று நினைத்திருக்கிறார்கள். பேச்சியம்மாளும் ரகமத்தும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிய, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இரண்டிலும் டிக் போட்டிருந்தார்கள்.

தென்காசியில் இருப்பவர்களுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது? சீசனில் மேகம் மலைமேல் உட்கார்ந்துகொள்ளும். மலைப்பாதை இறங்கும் புளியறையில் லாரிகள் பகலிலேயே விளக்குப் போட்டு இறங்கும். குற்றாலத்தில் துண்டு காயாது. கிழக்கே சுந்தரபாண்டியபுரத்தில் வெயில் காயும். நடுவில் இருக்கும் தென்காசிக்கு இரண்டும் உண்டு. தலைக்கு மேல் நீல வானம், மேற்கேயிருந்து காற்று தூக்கிவரும் சாரல். அப்போது நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் பேச்சி வடக்கே பார்த்து ஒளிமானியைப் பிடிப்பாள். கண்ணாடியில் துளி விழுந்தால் அளவு கெட்டுவிடும் என்று ரகமத் குடையை விரித்து, தலைக்கு மேல் பிடிக்காமல், மேற்கே கேடயம் மாதிரி சாய்த்துப் பிடிப்பாள். "ரகமத்துக்கு எப்பவும் இடது தோள் மட்டும்தான் நனையுது அத்தான்" என்று செண்பகம் எழுதியிருந்தாள்.

நானும் குருவும் கல்லூரி நாட்களில் குற்றாலத்திலிருந்து சைக்கிளில் திரும்பும்போது இதே கதைதான். முதுகுச் சட்டை ஈரம், நெஞ்சுச் சட்டை காய்ந்திருக்கும். "முன்னால சித்திரை, பின்னால ஆடி" என்பான் குரு. இதற்காகவே என்னை முன்னால் விட்டு, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சைக்கிள் மிதிப்பான். அவனுக்கும் முதுகு நனையும் என்பது அவனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

4

பெற்றோர்களுக்குக் கடைசி வரிசை. துறைப் பேராசிரியர் தொடங்கிவைத்தார். நல்ல மனிதர். தென் துருவத்தின் மேல் மிகக் குறைந்த எண்கள் வந்தபோது, அவ்வளவு குறைய வழியில்லை என்று கணிப்பொறி அவற்றைச் சந்தேகப் பட்டியலில் தள்ளியது என்ற கதையைச் சொன்னார். இந்தத் துறையில் எல்லோரும் சொல்வதுதான். "நாம் எதிர்பார்க்காத எண்ணை உடனே தூக்கி எறியக் கூடாது" என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். உமாவும் ஆட்டினாள்.

அவள் முறை வந்தது. முதலில் திரையில் விழுந்தது நான் வரைந்த படம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடித் தாளில் நான்கு நிறப் பேனாக்களால் வரைந்தது. மலையைப் பழுப்பில் போட்டு, குற்றாலம், தென்காசி, சுந்தரபாண்டியபுரம் என்று எழுதி, செயற்கைக்கோள் முழுவதற்கும் சேர்த்து ஒரே எண் தரும் சதுரத்தைச் சிவப்பில் வரைந்திருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் சீசனில் மேகம் மூடிக் கிடக்கும் புனலூரும் இந்தப் பக்கத்துத் தென்காசியும் அந்த ஒரே சதுரத்துக்குள் அடங்கும். பெருமையாக இருந்தது.

இரண்டாவது தாளை நான் பார்த்ததில்லை. அதன் தலைப்பு, நீக்கப்பட்ட தரவுகள்.

உமா தெளிவான குரலில் படித்தாள். தென்காசியின் பார்வையாளர்கள் ஒரே நேரத்தில் சூரியனும் மழையும் என்று குறித்திருக்கிறார்கள். இது எப்போதாவது நடக்கலாம். மாதத்தில் பாதி நாள் நடக்காது. அதே நாட்களில் செயற்கைக்கோள் அந்தச் சதுரத்தில் அடர்ந்த மேகத்தைக் காட்டுகிறது. ஆகவே பார்வையாளர்கள் வானத்தைப் பார்க்காமலே தாள்களை நிரப்பியதாகத் தெரிகிறது. அந்த நாட்களை நீக்கினால் மீதி போதவில்லை. தென்காசி முழுவதும் நீக்கப்பட்டு, அதற்குப் பதில் கனடாவின் நிலையம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது.

பிறகு வந்த வரைபடங்கள் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கேள்வி நேரத்தில் நான் எழுந்துவிட்டேன். பதின்மூன்று ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் நான் பொதுவில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. பதற்றத்தில் வெயில் அடிப்பதையும் சாரல் அடிப்பதையும் நம் பேச்சு வழக்கிலேயே ஆங்கிலத்தில் கொட்டினேன். வெயிலும் மழையும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளை அடித்து நொறுக்கின என்று அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உமா தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "இது முக்கியமான ஆட்சேபம்" என்றார். குருவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் அந்தப் பகுதிக்காரர்தானே? இப்படி நடக்குமா?"

அப்பாடா என்று நான் உட்கார்ந்தேன். இனி என் ஆங்கிலம் தேவையில்லை.

குரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் ஊரைவிட்டு வந்து வெகுநாள் ஆகிறது. அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் கவனமில்லாமல் நிரப்பியிருக்கலாம்" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அடுத்த மாணவரின் பெயரை வாசித்தார்கள்.

5

கார் நிறுத்துமிடத்தில் குரு பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஏலே, நில்லு. கோவத்துல வண்டிய எடுக்காத."

"ஒனக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா குரு?"

"ஞாபகம் இல்லாம இருக்குமாலே?"

"பெறகு?"

"பெறகு என்ன பெறகு? நீ எந்திரிச்சதும் சிரிச்சானுவல்லா? நானும் எந்திரிச்சு சிரிப்பு வாங்கணுமோ? அடுத்த மாசம் என் வேலைய நிரந்தரமாக்குறதப் பத்திப் பேசப்போறாங்க. ஊர்க்காரனுக்காகப் பேசுதான்னு ஒரு சொல்லு விழுந்தா போச்சு."

"ஊர்க்காரனுக்காகப் பேச வேண்டாம்லே. பாத்ததச் சொல்லு. அம்புட்டுதான் கேட்டாங்க."

"பாத்ததுக்கு ஆதாரம் எங்க இருக்கு? மேல இருந்து பாத்தா மேகம். நாளைக்கு அறிக்கை அச்சுக்குப் போவுது. இப்பப் போயி சைக்கிள்ள வந்த கதையச் சொல்லச் சொல்லுதியா?"

"நனைஞ்ச முதுகு ஒனக்கும்தானலே."

அவன் என் தோளில் கை வைத்தான். "ரெண்டு ஸ்கூல் பிள்ளேளு. அதுகளுக்கு என்ன தெரியப்போவுது? நான் ஆளுக்கொரு சர்ட்டிபிகேட்டு அனுப்பிவைக்கேன். நல்ல தடிக் காயிதத்துல அடிச்சு, முத்திரை வச்சு."

"என்னன்னு எழுதுவ? நல்லாப் பொய் எழுதுனாங்கன்னா?"

கையை எடுத்துக்கொண்டான். "கோமதி பாயசம் வச்சிருப்பா. சாயங்காலம் வரட்டா?" என்றான். ஆண்டுதோறும் இந்த நாளில் அவன் வருவது வழக்கம். உள்ளபடியே அவன் கேட்டான். கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

6

உமா ஆறு மணிக்கு வந்தாள். கோமதிக்கு அதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். பாயசம் அடுப்பின் மேலேயே இருந்தது.

"அப்பா, நீங்க எந்திரிச்சது எனக்கு ரொம்ப ஷேமா இருந்துச்சு" என்றாள், செருப்பைக் கழற்றும் முன்பே.

"அந்தத் தாளை எங்கிட்ட ஏன் காட்டலை?"

"காட்டினா நீங்க விட மாட்டீங்க."

"யார்கிட்டயாவது கேட்டியா, இப்படி நடக்குமான்னு?"

"குரு அங்கிள்கிட்ட கேட்டேன். அவர்தான் சொன்னார், அதை எடுத்துடு, இல்லேன்னா ரிப்போர்ட் கிளீனா இருக்காதுன்னு. ரெண்டு வாரம் ஆச்சு."

இரண்டு வாரம். கணக்குப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை நான் படம் வரைஞ்சப்ப?"

நான் போட்ட சிவப்புச் சதுரத்தின் கோடு வளையாமல் இருக்க அளவுகோலின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தச் சதுரம் எதற்குப் பயன்படப் போகிறது என்று அப்போதே அவளுக்குத் தெரியும்.

"எண்பத்தி மூணுல போனோமே உமா. ஆகஸ்டு மாசம். தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னு நீயே கேட்டியே, மழை எங்கேயிருந்துப்பா வருதுன்னு. அப்ப வெயில் உன் மூஞ்சியில அடிச்சுது."

அவள் யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள், அதை நான் பார்த்தேன். "மழை ஞாபகம் இருக்குப்பா. வெயில் ஞாபகம் இல்லை" என்றாள். "அதோட, ஞாபகம் டேட்டா இல்லை."

கோமதி கரண்டியை வைத்தாள். "ஏட்டி, அந்தப் பிள்ள எதுக்குக் கொடையச் சாய்ச்சுப் பிடிக்கான்னு ஒரு தரமாவது கேட்டியா? வெயில் இல்லாட்டா மெசின எதுக்குத் தூக்குதா? மழ இல்லாட்டா கொடைய எதுக்கு விரிக்கா?"

"குடை பத்தி ஷீட்ல எதுவும் இல்லைம்மா."

"ஒங்கப்பா சொன்னாருல்லா. சித்தி எழுதுனால்லா."

"ஷீட்ல இல்லை" என்று உமா மறுபடி சொன்னாள். இந்த முறை குரல் தணிந்திருந்தது. தன் அறைக்குப் போய்விட்டாள்.

குரு வரவில்லை. பாயசத்தைக் கோமதி கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வைத்தாள். நான் தொடவில்லை. ஏமாற்றுவதற்கு முன்பின் தெரியாதவர்கள் வர வேண்டியதில்லை என்று இந்த நாட்டில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலை வாங்கித் தந்தவன் ஒருவன், நான் சோறு ஊட்டி வளர்த்தவள் ஒருத்தி. இருவரும் கெட்டவர்கள் இல்லை. இருவருக்கும் அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சுத்தத்துக்காகத் துடைத்தெறிந்தது என்ன என்று யோசித்தேன். இரண்டு பெண்கள் தினமும் மாடி ஏறிக் கண்ணால் கண்டது. அது பொய் என்று நாளை அச்சில் ஏறும். பாவூர்சத்திரத்தில் ஒருவர் இன்னும் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

செண்பகத்துக்கு இதை எழுதினால் போய்ச் சேர இரண்டு வாரமாகும். அந்த இரண்டு வாரமும் அவர்கள் அளவெடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

7

ஆகஸ்டு 12, வெள்ளிக்கிழமை. ஆறரைக்கு எழுந்தேன். வானத்தைப் பார்க்கவில்லை, நாட்குறிப்பையும் திறக்கவில்லை. முதல் காரியமாகத் தொலைபேசியை எடுத்தேன். தென்காசியில் அப்போது மணி நான்கு. பள்ளி விட்டிருக்கும்.

செண்பகம் குடியிருப்பது ரத வீதியில் பால்ராஜ் அண்ணாச்சியின் மருந்துக்கடை மாடியில். கடையில்தான் போன். மூன்றாவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"யாரு, கனடாவா? நல்லாருக்கியளா? டீச்சர் இப்பதான் மேல ஏறிப் போறாவ. பிள்ளேளும் கூட வந்திருக்கு. கூப்பிடவா?"

"பேச்சியம்மாளை வரச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் கூப்பிடுவதும், தெருவில் பஸ் ஹாரனும், படியில் யாரோ ஓடி இறங்குவதும் கேட்டன.

"சார், பேச்சியம்மா பேசுதேன்."

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். தென்காசி அறிக்கையில் இல்லை. உங்கள் பெயர் இல்லை. வெயில், மழை இரண்டிலும் டிக் இருப்பதால் நம்பவில்லை.

"பாக்காமலே எழுதுனோம்னு சொல்லிட்டாங்களா சார்?"

"ஆமா."

"யாரு சார் சொன்னது?"

குருவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "என் மகள்" என்றேன்.

"அவங்க நம்ம ஊருக்கு வந்ததே இல்லியா சார்?"

"வந்திருக்கா."

திரும்பிப் பார்த்தேன். உமா துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ரிசீவரை அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். தலையை அசைத்து வேண்டாம் என்றாள். குளியலறைக் கதவு மூடிக்கொண்டது.

ரிசீவரைக் காதில் வைத்தபோது பேச்சி ஏதோ கேட்டு முடித்திருந்தாள். மறுபடி சொல்லச் சொன்னேன்.

"இன்னைக்கும் ரெண்டுலயும்தான் சார் டிக் போட்டிருக்கோம். நல்ல வெயிலு, நல்ல சாரலு. ரகமத்து இப்பமும் ஈரமாத்தான் நிக்கா. உறை இன்னும் ஒட்டல. ஒண்ண அழிச்சிரட்டுமா சார்?"

"அழிக்காதம்மா" என்றேன்.